கஃபன் துணிக்குள் ஒரு குரல்

கஸ்மினிக்குத் தன் குரலைக் கண்டே பயம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான். கெபுன்சாரிச் சந்தையில் தன் கடையில் நின்றுகொண்டு, வெந்த கீரையின்மேல் வேர்க்கடலைச் சாந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே காபிக்கடை ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. காற்று ஊளையிட்டது. நாய் ஒன்று குரைத்து அடங்கியது. பிறகு ஒரு கிழவி சிரித்தாள். அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று கிளம்பி, மூச்சு வாங்காமல் நீண்டுகொண்டே போன சிரிப்பு அது.

"வந்துட்டியா என் ராசா? உன் ஈரலுக்காகத்தானே இத்தன நாளா பசியோட காத்துக் கெடக்கேன்" என்றாள் ரேடியோக் கிழவி.

"அட, நியி க்லாபாங்! பழைய நாடகத்த மறுபடியும் போடறாங்கடா" என்றான் காபிக்கடைக்காரன். நியி என்றால் வயதான அம்மாள், க்லாபாங் என்றால் பூரான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கிழக்கு ஜாவாவில் அந்தப் பூரான் கிழவியைக் கேட்டு நடுங்காத வீடு இல்லை. கஸ்மினிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழவி அவளேதான் என்பது அந்தச் சந்தையில் யாருக்கும் தெரியாது. உள்ளுக்குள் குளிர்ந்துபோனவள், கடைமுன் நின்ற பக்கத்து வீட்டு ஜுவாரியாவிடம் வழக்கம்போலக் கேட்டாள்: "காரம் தூக்கலா போடவா, கொறச்சலா போடவா?"

காபிக்கடையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். பிறகு இன்னொருவன். ரேடியோவில் வந்த குரலும் கீரைக்கடையில் வந்த குரலும் ஒன்று. சாயல், கீயல் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. தொண்டையில் சொல் உரசுகிற இடம்கூட ஒன்றுதான். ஜுவாரியா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"அக்கா, உங்க குரல் எப்ப இப்படி ஆச்சு?" என்றாள்.

அது கஸ்மினிக்கே தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பிள்ளை வளர்வது தெரியாது என்பார்களே, அவளுக்கும் தன் குரல் கிழடு தட்டியது தெரியவில்லை.

அவள் பிறந்தது மலாங்கில். இருபத்தெட்டு வயதில் சுராபாயாவுக்கு வந்து, ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் தேநீர் ஊற்றுகிற வேலைக்குச் சேர்ந்தாள். வானொலி நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த காலம். ஏழெட்டுப் பேர் இரண்டு மைக்கைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு சாம்ராஜ்யத்தையே நடத்தினார்கள். கொட்டாங்கச்சி குதிரையாக ஓடியது. தலையணையைத் தடியால் அடித்தால் வீரன் ஒருவன் செத்தான். கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் அரண்மனை எரிந்தது. ஒரு நாள் கிழவி வேஷக்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இயக்குநர் ஹாண்டோகோ தலையில் கைவைத்துக்கொண்டு, "யாராவது கிழவி மாதிரி இருமித் தொலைங்கப்பா" என்றார். தேநீர்த் தட்டோடு வந்த கஸ்மினி இருமினாள். அந்த ஒரு இருமலில் அவள் தலையெழுத்து மாறிவிட்டது.

பூரான் கிழவி பிறந்தது அப்படித்தான். நாடகம் டேப்பில் நகலெடுக்கப்பட்டு, பஸ்ஸில் ஏறி, மதுராவிலிருந்து பன்யுவாங்கி வரை ஊர் ஊராகப் போனது. நடுவில் இருமல் மருந்து விளம்பரம். சாயங்காலம் நாடகம் தொடங்கினால் தெருவில் ஈ காக்கை இருக்காது. வயலில் நாற்று நடுகிறவர்கள் வரப்பில் ரேடியோவை வைத்துக்கொண்டு நடுவார்கள். ரசிகர்களைச் சந்திக்க நடிகர்களை மைதானம் மைதானமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இளவரசிக்குப் பூ விழும். கஸ்மினிக்குச் செருப்பு விழும். "செருப்பு விழ விழத்தான் உனக்குச் சம்பளம் ஏறும், சிரிச்சிட்டு வாங்கிக்க" என்பார் ஹாண்டோகோ. அவளும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒருமுறை ஒரு பொம்பளை மேடையேறி வந்து அவள் கழுத்தைப் பிடித்தாள். அன்றிலிருந்து தான் யார் என்பதை வெளியிடங்களில் சொல்வதை விட்டுவிட்டாள்.

கிழவியின் மந்திரம்தான் நாடகத்தின் உயிர். அதை எழுதுகிறவர் எழுதவே இல்லை. மந்திரம் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "நீயே ஏதாவது சொல்லிக்க" என்று நழுவிவிடுவார். தன் கையால் மந்திரம் எழுத அவருக்குப் பயம். நிஜ மந்திரத்தை வாயால் சொல்ல கஸ்மினிக்குப் பயம். ஆகவே அவள் தன் ஊர் வழக்கத்தைக் கையிலெடுத்தாள். மலாங்கில் விடலைகள் எல்லாச் சொல்லையும் திருப்பிப்போட்டுப் பேசுவார்கள். ஊர் பெயரையே ஙாலாம் என்பார்கள். பாக்ஸோ என்ற இறைச்சி உருண்டைச் சூப்பு அங்கே ஓஸ்காப். கோப்பி, இபோக். மாகான் என்றால் சாப்பிடு, அது நாகாம். "ஓஸ்காப்... இபோக்... நாகாம்..." என்று அவள் அடித்தொண்டையில் இழுத்தபோது, கிழக்கு ஜாவாவே போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டது. சூப்பு, காபி, சாப்பிடு. அதுதான் அந்தப் பயங்கர மந்திரம்.

பிறகு கூரைக்கூரையாக டிவிக்குடைகள் விரிந்தன. தனியார் சேனல்கள் வந்தன; பளிங்கு வீட்டில் பட்டுக் கட்டிக்கொண்டு அழுகிற சீமாட்டிகள் வந்தார்கள். காதால் பயப்படுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. ஸ்டுடியோ மூடப்பட்டது. கஸ்மினி பஸ் பயணத்தில் பழக்கமான சர்காவியைக் கட்டிக்கொண்டு அவன் ஊரான கெபுன்சாரிக்கு வந்தாள். அவனுக்குச் சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிற கடை. சுராபாயாவில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தேன் என்று ஊரில் சொல்லிவைத்தாள். விறகுப் புகை, வயது, தொண்டையில் ஒரு கட்டி வந்து அறுத்தது என்று ஒவ்வொன்றும் குரலை மெல்ல மெல்லக் கீழே இறக்கின. அப்போது பாடுபட்டு வரவழைத்த கிழவியின் குரல், இப்போது அவளுக்குச் சொந்தக் குரலாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஊர் அதைக் கண்டுகொள்ள ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது கிடைத்தது. பணம் செல்லாக்காசானது, அதிபர் இறங்கினார், அரிசி விலை ஏறியது. பக்கத்து டவுன் ரேடியோவுக்கு விளம்பரம் வரவில்லை; புதுப் பாட்டு வாங்க வழியில்லை. அலமாரியைத் துழாவி, இலவசமாகக் கிடந்த பழைய நாடக டேப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

அதே மாதங்களில் பன்யுவாங்கிப் பக்கம் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. சூனியக்காரன் என்று பெயர் வந்த ஆட்களை வீடு புகுந்து கொன்றார்கள். யார் கொன்றார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கறுப்பு உடை போட்டவர்கள் என்றார்கள், வேற்றூர்க்காரர்கள் என்றார்கள், கொல்லப்பட்டவனின் சொந்த அண்டை வீட்டுக்காரர்களே என்றும் சொன்னார்கள். ஊருக்கு ஊர் மூங்கிலால் சாலையை மறித்து, போகிற வருகிறவர்களை நிறுத்தி விசாரித்தார்கள். யாருடைய வீட்டுச் சுவரிலாவது சிவப்புச் சாயத்தில் குறி விழுந்தால் அந்த வீட்டுக்காரன் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. சந்தைப் பிள்ளைகள் அவள் கடை முன்னால் வந்து, "இபு, ஒரு தடவ சிரிங்க இபு" என்று கெஞ்சினார்கள். இபு என்றால் அம்மா. காபிக்கடைக்காரன், "எங்க ஈரலயெல்லாம் விட்டுவைங்க" என்று கும்பிட்டான். அவளும் ஒரு தடவை சிரித்துக் காட்டினாள். அதற்காகப் பின்னால் பலமுறை தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜுவாரியாவின் புருஷன் முல்யாடிக்கு வயிறு வீங்கியது அதற்கப்புறம்தான். கண் மஞ்சளடித்தது, ரத்தமாக வாந்தி எடுத்தான். முல்யாடி தினமும் அவள் கடையில் இரண்டு இலை கீரை சாப்பிடுகிறவன். மூன்றாவது இலை கேட்டபோது ஒருநாள் அவள் கேலியாக, "இப்படித் தின்னா வயிறு ஒருநாள் வெடிக்கத்தான் போகுது, பாருங்க" என்றிருந்தாள். சொன்னபோது முல்யாடியே விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது அந்த வாக்கியத்தை ஊரே எடுத்து உச்சரித்துப் பார்த்தது. பூரான் கிழவியின் குரலில் சொல்லிப் பார்த்தால் அது கேலியாகவே இல்லை.

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. ஜுவாரியா வேலியோரம் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஸ்மினி வாயே திறக்காமல் இருந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள், கையைக் காட்டினாள். "பாத்தியா, பேசினா மாட்டிக்குவோம்னு பேசாம இருக்கா" என்றார்கள். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்று ஆனது.

"மலாங்குக்குப் போயிடலாம் கஸ். நான் வண்டிய எடுக்கறேன்" என்றான் சர்காவி.

"வழியில எத்தன எடத்துல மூங்கில் போட்டு மறிச்சிருக்கான். எறங்கு, எந்த ஊரு, பேரு சொல்லுன்னு கேப்பான். நான் வாயத் தொறந்தா என்ன ஆகும், பாக்?"

பாக் என்பது அந்தப் பக்கத்தில் ஆண்களை மரியாதையாக அழைக்கிற சொல்; புருஷனையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மறுநாள் அவன் வேறு ஒரு யோசனையோடு டவுனுக்குப் போனான். நாடகத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சப் போனான், பாவம். ரேடியோ நிலையத்தில் ஒரு துடிப்பான ஆள் உட்கார்ந்திருந்தான். சர்காவி சொன்னதைக் கேட்டதும் அவன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான்.

"நெசமாவா பாக்? நியி க்லாபாங் உயிரோட இருக்காங்களா? அதுவும் கெபுன்சாரியிலயா? கூட்டிட்டு வாங்க, பேட்டி எடுப்போம். மாவட்டமே நம்மளத்தான் கேக்கும்."

"தம்பி, நான் எதுக்கு வந்திருக்கேன்னா, அத நிறுத்தணும். எங்க ஊருல ஜனங்க அவள..."

"ஐயோ, நிறுத்தறதா? இப்பதான் பாக் ரெண்டு விளம்பரம் வந்திருக்கு."

சர்காவி வீடு வந்து சேர்வதற்குள் செய்தி காற்றில் ஏறிவிட்டது. "அன்பு நேயர்களே, உங்களுக்கு ஒரு அதிர்ச்சித் தகவல். நம்ம பூரான் கிழவி பொஸ்தகத்துல இல்லீங்க, காட்டுல இல்லீங்க, கெபுன்சாரிச் சந்தையில கீரை விக்கிறாங்க. போய்ப் பாருங்க, ஆனா ஈரல் பத்திரம்." பின்னால் அந்தச் சிரிப்பு ஓடியது. கஸ்மினி அடுப்படியில் அதைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் இப்படிப் பெயர் சொல்லி அறிவிக்கமாட்டார்களா என்று அவள் ஏங்கியதுண்டு. நாடகத்தின் தொடக்கத்தில் இளவரசியின் பெயரும் வீரனின் பெயரும்தான் வரும். அவள் பெயர் கடைசியில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே அமுங்கிப்போகும்.

மறுநாள் விடிந்தபோது அவர்கள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் இருந்தது. பெருக்கல் குறி. இன்னும் ஈரம் காயவில்லை. சர்காவி துணியை நனைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அது பெரிதாகப் பரவியது.

அன்று சாயங்காலம் தெருத்தலைவர் மிஸ்தார் நாலு பேரோடு வந்தார். கெட்டவர் இல்லை. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். உட்காரும்போதே கண் கஸ்மினியின் வாய் மேல் இருந்தது.

"இபு, ஊரு ஒரு கேள்வி கேக்குது. நான் கேக்கல, ஊரு கேக்குது. நாடகத்துல ஒரு மந்திரம் சொல்றீங்களே, அத யார் சொல்லிக் குடுத்தா?"

கஸ்மினிக்கு நம்பிக்கை துளிர்த்தது. இது தெரிந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. எழுதியவர் கோடு போட்டது, தானே சொல்லைத் திருப்பிப்போட்டது எல்லாவற்றையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஓஸ்காப்னு சொல்றேன்ல, அதத் திருப்பிச் சொல்லிப் பாருங்க பாக். பாக்ஸோ. நாம திங்கற பாக்ஸோ. இபோக்னா கோப்பி. எங்க மலாங்குல சின்னப் பசங்க, பஸ் கண்டக்டருங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. வெளயாட்டுப் பேச்சு, அவ்வளவுதான்."

வந்தவர்களில் ஒருவன் உதடு அசைய அதைத் திருப்பிப் பார்த்தான். "அட, ஆமாம்பா. பாக்ஸோதான்" என்றான். அவனுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. இன்னொருவன் முகம் தளர்ந்தது. கஸ்மினிக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த மூத்தவர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"எதையும் தலைகீழாச் சொல்றதுதானே சூனியக்காரங்க வேலையே. நல்ல வார்த்தையத் திருப்பிப் போட்டாத்தான் அது சூனியம். சாப்பிடுங்கறதத் திருப்பிப் போட்டா என்ன ஆகும்? முல்யாடிக்குச் சோறு எறங்குதா?"

 சிரித்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். முல்யாடிக்குச் சோறு இறங்கவில்லைதான். சிரித்தவனே தன் உதட்டைத் துடைத்துக்கொண்டான், தான் வாய்விட்டுச் சொன்ன சொல் அங்கே ஒட்டியிருக்கிறதோ என்று. கஸ்மினி தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே உண்மையையும் தானே எடுத்து அவர்கள் கையில் கத்தியாகக் கொடுத்துவிட்டாள்.

மிஸ்தார் கிளம்பும்போது சர்காவியைத் தனியாக அழைத்தார். "மார்க்கப் பெரியவர் கியாயி ஒரு வழி சொல்றாரு. வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுக முடிஞ்சு பள்ளிவாசல்ல சத்தியம். கஃபன் சுத்திச் சத்தியம். அது முடிஞ்சா எவனும் அவங்களத் தொடமாட்டான். அது இல்லன்னா, பாக், வெள்ளிக்கிழமைக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கஃபன் சத்தியம் என்றால் அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். உயிரோடிருக்கிறவரை இறந்துபோன மையித்துக்குச் செய்வதுபோல கஃபன் என்கிற வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டி, மக்கா இருக்கும் கிப்லா திசையை நோக்கிக் கிடத்துவார்கள். தலைமேல் குர்ஆனைப் பிடிப்பார்கள். குற்றம் செய்திருந்தால் இதே துணியில் என்னை அடக்கட்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைத்ததில்லை என்பது ஊரின் நம்பிக்கை. கஸ்மினியின் நம்பிக்கையும் அதுதான். சூனியம் வைத்ததில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பயந்தாள். எத்தனை ஆயிரம் தடவை மைக் முன்னால் நின்று மனிதர்களைச் சபித்திருக்கிறாள். அதெல்லாம் விளையாட்டு என்று மேலே இருக்கிறவன் எழுதிக்கொண்டானா, இல்லை வேறு கணக்கில் சேர்த்துக்கொண்டானா? சர்காவியிடம் இதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றம் கொள்ளவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளிலும் மினிலாரியிலும் வந்து இறங்கியிருந்தார்கள். ரேடியோ அறிவிப்பு வேலை செய்திருந்தது. பாதிப் பேர் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் இடுப்பில் அரிவாள் வைத்திருந்தார்கள். சத்தியம் பொய்யென்று தெரிந்தால் வீடு வரை நடக்க வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

பெண்கள் திரைக்குப் பின்னால் அவளைத் துணியில் சுற்றினார்கள். கால்மாட்டில் முடிச்சுப் போட்டவள் ஜுவாரியா.  "அக்கா, நீங்க இல்லன்னா சொல்லிடுங்க அக்கா. என் புருஷன் போயிட்டிருக்கான். யார்னு தெரிஞ்சா போதும்" என்றாள். கஸ்மினிக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கைகள் துணிக்குள் கட்டுண்டு கிடந்தன. முகம் மட்டும் திறந்திருந்தது. கற்பூரத்தின் வாசனை மூக்கில் ஏறியபோது, நாளை நிஜமாகவே இப்படித்தானோ என்று அவள் நினைத்தாள்.

கியாயி ஃபவ்ஸான் அவள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். "பயப்படாத மகளே. நான் சொல்லச் சொல்ல நீ திருப்பிச் சொல்லு. சொந்த வாயால, சொந்தக் குரல்ல சொல்லணும். அல்லாஹ்வுக்கு முன்னால வேற எதுவும் செல்லாது" என்றார்.

வெளியே கூச்சல். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்தினார்கள். மிஸ்தார் ஓடிப்போய் பாங்கு சொல்கிற மைக்கை எடுத்துவந்து அவள் வாயருகே வைத்தார். விரலால் தட்டினார். கூரைமேல் இருந்த நாலு ஒலிபெருக்கிகளும் டொக் டொக் என்றன. வெளியே கூட்டம் அடங்கியது.

மைக். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு மைக். கஸ்மினிக்கு அந்த நொடியில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. இந்த மைக்கில் தன் சொந்தக் குரல் போனால் நாலு ஒலிபெருக்கியிலும் வெளியே வரப்போவது பூரான் கிழவிதான். சொல்லப்படுவது சத்தியமாக இருந்தால் என்ன, குர்ஆன் வசனமாகவே இருந்தால் என்ன. கஃபன் சுற்றிக்கொண்டு படுத்திருக்கும் கிழவி பேசினாள் என்றுதான் கூட்டம் கேட்கும். கியாயி தடுப்பதற்குள் கதவு உடையும்.

வேறு ஒரு வழி இருந்தது. இளவரசி வேஷக்காரி வராத நாட்களில் ஹாண்டோகோ அவளையே அதையும் பேசச் சொல்வார். நாக்கை மேலண்ணத்துக்குத் தூக்கி, உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டு, காற்றை மூக்கால் விட்டால் பதினெட்டு வயதுக் குரல் வரும். அப்போது அது சுலபம். இப்போது தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் வரும், ஆனால் வரும். அவளுக்கு அது தெரியும்.

ஆனால் அது சொந்தக் குரல் இல்லை. மையித்துத் துணிக்குள் படுத்துக்கொண்டு, இறைவன் முன்னால், நடித்துச் சத்தியம் செய்வதா? உண்மையான வார்த்தையைப் பொய்க் குரலில் சொன்னால் அது உண்மையா, பொய்யா? அதை யாரிடமும் கேட்க முடியாது. கியாயியின் முகம் மேலே குனிந்திருந்தது. அவர் கண்ணில் கருணை இருந்தது. வெளியே ஒரு இரும்பு சிமென்ட் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"நான் கஸ்மினி என்பவள்..." என்று கியாயி தொடங்கினார்.

கஸ்மினி கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் சிரிப்பை வைத்தாள்.

"நான் கஸ்மினி என்பவள், அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நான் யாருக்கும் சூனியம் வைத்ததில்லை. முல்யாடிக்குத் தீங்கு நினைத்ததில்லை. நான் சொல்வது பொய்யென்றால், நாற்பது நாளுக்குள் இதே துணியில் என்னை அடக்கட்டும்."

கூரையிலிருந்து, வேப்பமரத்தடிக்கும் சாலைக்கும் வயலுக்கும், ஒரு இளம்பெண்ணின் மெல்லிய குரல் பரவியது. கியாயி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவர் அவளை ஒருமுறை, நீண்ட நேரம், பார்த்தார். பிறகு ஆமீன் என்றார். வெளியே நூற்றுக்கணக்கான வாய்கள் ஆமீன் என்றன.

முதலில் ஓடி வந்தவள் ஜுவாரியாதான். முடிச்சை அவிழ்க்கவும் பொறுமையில்லாமல் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். "இதுதான் அக்கா உங்க குரல். எங்களுக்குத் தெரியாம போச்சே. அந்தக் கரகரப்பு வேற எதுவோ. உங்க மேல ஏறியிருந்தது. சத்தியத்துல ஓடிப்போச்சு" என்றாள். பெண்கள் ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். முற்றத்தில் அரிவாள்கள் இடுப்புக்குள் மறைந்தன. பூரான் கிழவி கஸ்மினியை விட்டுப் போய்விட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. கஸ்மினி அழுதாள். அழும்போதும் மூக்கால்தான் அழுதாள், பழைய இளவரசி அழுகிறதுபோல.

நாற்பது நாள் கழிந்தது. அவள் சாகவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும், ஒவ்வொரு வயிற்று வலிக்கும் இதுதானோ இதுதானோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். முல்யாடிதான் இறந்தான், ஈரல் கெட்டுவிட்டதென்று டவுன் டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். மையித்து வீட்டில் யாரும் கஸ்மினியைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. ஜுவாரியா அவள் மடியில்தான் தலைவைத்து அழுதாள். கஸ்மினி அந்தச் சின்னக் குரலில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினாள். எத்தனை இனிமை என்று சொன்னார்கள்.

மாதங்கள் போயின. கொலைகள் நின்றன. ரேடியோக்காரர்களுக்குக் காசு வந்து புதுப் பாட்டுப் போட்டார்கள். கெபுன்சாரியிலும் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. திரையில் இப்போது நிஜம்போல ரத்தம் வழிகிற பேய்கள் வந்தன. பூரான் கிழவியை யாரும் நினைக்கவில்லை, கஸ்மினியைத் தவிர. சந்தையில் கீரை விற்றாள், பேரம் பேசினாள், சண்டையும் போட்டாள், எல்லாம் இளவரசிக் குரலில். சாயங்காலமானால் தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்க முடியாது. சத்தமாகச் சிரிப்பதை விட்டுவிட்டாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். தொழுகையில் மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. எந்தக் குரலில் இறைவனைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சர்காவி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"கஸ், இங்க யாரும் இல்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உன் குரல்ல என்னக் கூப்பிடேன். அது எப்படியிருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

கஸ்மினி அவனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பின்னிய மூங்கில் சுவர். அந்தப் பக்கம் ஜுவாரியாவின் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது.

கஸ்மினி நாக்கைத் தூக்கினாள். உதட்டில் சிரிப்பை வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"இதுதான் பாக் என் குரல்" என்றாள்.

சர்காவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, அந்த வீட்டுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னான்: "ஆமா கஸ், இதுதான் உன் குரல்."